ஆம் என்றவர்

சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பும்போதெல்லாம் எங்கள் எம்.எல்.ஏ. ஒரு துணிப்பை நிறையத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார். சட்டமுன்வடிவுகள், நிகழ்ச்சி நிரல்கள், கொள்கை விளக்கக் குறிப்புகள். பெரும்பாலானவற்றைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அச்சு மையின் வாசனை அப்படியே இருக்கும். "இதுல நம்மூருக்கு ஏதாச்சும் இருக்குதான்னு பாரு அம்மிணி" என்பார். அந்தச் சட்டங்களெல்லாம் முந்தின வாரமே நிறைவேறி முடிந்திருக்கும். அவரும் அங்கே உட்கார்ந்து ஆம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பார். எல்லாம் முடிந்த பிறகு நான் பார்த்து என்ன கிழிக்கப் போகிறேன் என்று எரிச்சல் வரும். ஒருபக்கம் மட்டும் அச்சடித்த தாள்களைப் பிரித்தெடுத்து, வெற்றுப் பக்கத்தில் மனுக்களுக்கு முதல் நகல் எழுதிக்கொள்வேன். நல்ல கெட்டித் தாள், மை ஊறாது. பத்து வருடம் நான் நகல் எழுதக் காசு கொடுத்துத் தாள் வாங்கியதே இல்லை.

நான் அவருடைய தொகுதி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ராசிபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்து, தட்டச்சில் ஹையர் முடித்து, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு அந்த வேலைக்குப் போனேன். எங்கள் தொகுதியில் எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கும் அண்ணன்தான். மரவள்ளிக் காடும் கொஞ்சம் கோழியும் வைத்திருந்த குடும்பம். கட்சி சொன்னது, நின்றார், ஜெயித்தார். மறுபடியும் நின்றார், மறுபடியும் ஜெயித்தார். இரண்டு முறையும் அவருக்குக் கடைசிக்கு முந்தின வரிசையில்தான் இடம். டிவியில் சபையைக் காட்டும்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டித் தேடுவோம். தூணோரமாக ஒரு வழுக்கைத் தலை தெரிந்தால், "அதா அண்ணன்" என்போம். பாதி நேரம் அது வேறு யாருடைய தலையாகவோ இருக்கும்.

சபையில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. மரவள்ளிக் கிழங்கு விலை பற்றி ஒருமுறை நான்கு நிமிடம் பேசினார். அதில் மூன்று நிமிடம் தலைமைக்கு நன்றி. மிச்ச ஒரு நிமிடத்தில் கிழங்கைத் தோண்டுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நான்தான் அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தேன்; நன்றியைக் குறைங்கண்ணா என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. வாக்களித்ததைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அங்கே எல்லாம் குரல் வாக்குதான். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று பேரவைத் தலைவர் சொல்வார். இந்தப் பக்கம் மொத்தமாக ஆம் என்று ஒரு சத்தம், அந்தப் பக்கம் இல்லை என்று ஒரு சத்தம். யார் வாயைத் திறந்தார், யார் திறக்கவில்லை என்று ஒரு தாளிலும் இருக்காது. "உங்க ஓட்டு எங்கியுமே பதிவாகாதுங்களாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "ஆமுன்னு சொல்றதுக்கு எதுக்கு அம்மிணி பதிவு? நான் இல்லைன்னு சொன்னாத்தான் ஊரே பதிவு பண்ணும்" என்றார்.

ஊருக்கு வந்தாலும் அவருக்குத் தெரிந்தது அதே வார்த்தைதான். இங்கே அது 'ஆகட்டுங்க' என்று இருக்கும். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, ஆகட்டுங்க. பஸ் நிற்காமல் போகிறது, ஆகட்டுங்க. மகளுக்கு நர்சிங் சீட், போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போன பையன் ஆந்திராவில் மாட்டிக்கொண்டான், ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைக் கழிவு கிணற்றில் இறங்குகிறது, எல்லாவற்றுக்கும் ஆகட்டுங்க. காலை ஏழு மணிக்குள் அலுவலக வாசலில் செருப்பு குவிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு பரிந்துரைக் கடிதம் அடிப்பேன். ஒன்றைக்கூட மறுக்க மாட்டார். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவதால் எதற்குமே மதிப்பில்லாமல் போகிறது என்று சண்டை போட்டிருக்கிறேன். "வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?" என்பார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்ததோடு விடமாட்டார். தாலுகா ஆபீசுக்கும் மின்வாரியத்துக்கும் தானே போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். திட்டமாட்டார், மிரட்டமாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். எம்.எல்.ஏ. எதிரில் உட்கார்ந்திருக்க எத்தனை நேரம்தான் ஒரு ஆள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்க முடியும்? பத்தில் நான்கு வேலை அப்படி முடிந்துவிடும். அந்த நான்குதான் இரண்டாவது முறை அவரை ஜெயிக்க வைத்தது.

அந்த இரண்டாவது முறையில்தான் அந்தச் சட்டம் வந்தது. நகரங்களை ஒட்டியிருக்கும் கிராம ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்ப்பதைச் சுலபமாக்கும் திருத்தம். வழக்கம்போல அவர் கொண்டுவந்து போட்ட பையில் அதுவும் இருந்தது. புரட்டும்போது கண்ணில் பட்டது. "இதுக்கும் ஆம் சொல்லீட்டீங்களாண்ணா? என்ன சட்டமுன்னு தெரியுமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊராட்சிங்கற வார்த்தை காதுல உழுந்துச்சு அம்மிணி. என்னமோ ஏதோன்னு நிமிந்து பாக்கறதுக்குள்ள எல்லாருமே ஆம் சொல்லீட்டாங்க. நானும் சொல்லீட்டேன்" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில மாதம் கழித்து எங்கள் தொகுதியிலேயே ஓர் ஊரை நகராட்சியோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் இருந்தால் ஆறு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கார்த்திகை மாதம், உச்சி வெயில் நேரம். அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். நாற்பது பேர் இருக்கும், பாதிப்பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது நூறு நாள் வேலையில் வருகை எடுக்கும் பணித்தளப் பொறுப்பாளர். ஊரே அவரைப் பொறுப்பாளர் அக்கா என்றுதான் கூப்பிட்டது. புருசனை இழந்தவர், பத்தாவது வரை படித்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுகிறவர்.

"டவுனோட சேத்துட்டா நூறு நாள் வேலை நின்னு போகுமுங்க. வயசான இதுகள கோழிப்பண்ணையில சேத்துக்க மாட்டீங்கறாங்க. மில்லு வண்டியிலயும் ஏத்த மாட்டீங்கறாங்க. இதுக எங்கீங்க போறது?" என்றார். கையில் ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆட்சேபக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதி, கைநாட்டு வாங்கி, ஊசிநூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து நேராக ஒன்று கேட்டார். "ஏனுங்க, இந்தச் சட்டத்துக்கு நம்ம எம்.எல்.ஏ. ஆமுன்னு சொன்னாருங்களா, இல்லைன்னு சொன்னாருங்களா?"

அண்ணன் அன்று சென்னையில் இருந்தார். வாசலில் நாற்பது பேர், உட்கார நாற்காலி இல்லை, குடிதண்ணீர் கேன் காலி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெண்ணைக் கூட்டிவரப் போக வேண்டும். ஒரு கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இதெல்லாம் காரணமா என்றால் இல்லை. எப்படியாவது இவர்கள் நல்லபடியாகத் திரும்பிப் போனால் போதும் என்றிருந்தது. "அண்ணன் அன்னிக்கு ஆம் சொல்லவே இல்லீங்க்கா. அவருக்கு இதுல இஷ்டமே கெடையாது. சொல்ல மாட்டேன்னு எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. நீங்க வெசனப்படாதீங்க, அவரு பாத்துக்குவாரு" என்றேன். சொல்லும்போதே வாய் கூசியது. ஆனால் அந்த முகங்கள் மாறியதைப் பார்த்ததும், சொன்னது சரிதான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கிழவி கிட்டே வந்து என் கன்னத்தைத் தடவி, "நல்லா இரு சாமி" என்றாள்.

"அப்ப இந்தக் காயிதத்தை நாங்களே கொண்டுபோய்க் குடுத்தறட்டுங்களா?" என்று பொறுப்பாளர் அக்கா கேட்டார். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "வச்சிட்டுப் போங்க, அண்ணன் கடுதாசியோட சேத்து அனுப்பினா வெயிட்டா இருக்கும்" என்றேன். நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அண்ணன் வந்ததும் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். அவர் ஒரு நாள் இருப்பார், மறுநாள் கட்சிக் கூட்டம், அதற்கு மறுநாள் எங்காவது கல்யாணம். நேரம் அமையவில்லை என்று எழுதினால் படிக்கிற நீங்கள் நம்பிவிடுவீர்கள். எனக்குப் பயம், அதுதான் நிஜம். அந்த இழுப்பறையைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். ஆறு வாரம் ஓடிப் போயிற்று.

பொங்கலுக்கு அந்த ஊர் முக்கில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். ஏதோ கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்த அண்ணனின் படம். 'எங்கள் வேலையைக் காக்க சட்டசபையில் ஆம் சொல்ல மறுத்து வெளியேறிய எங்கள் அண்ணனுக்கு நன்றி' என்று பெரிய எழுத்து. கீழே நாற்பது பெண்களின் பெயரும் பொடி எழுத்தில். தலைக்கு இவ்வளவு என்று போட்டு வைத்த பிளெக்ஸ். காலையில் வைத்தார்கள், மத்தியானத்துக்குள் படம் வாட்ஸப்பில் மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. கட்சியிலிருந்து போன் வந்தது. கொறடா உத்தரவை மீறினாயா, எவன் சொன்னான், உடனே எடுக்கச் சொல் என்று அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. அண்ணன் போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இது எப்புடி அம்மிணி?" என்றார்.

நான் சொன்னேன். இழுப்பறையைத் திறந்து அந்தக் கட்டையும் எடுத்து வைத்தேன். அழுகையாக வந்தது. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தேதி முடிஞ்சு போச்சில்ல?" என்று மட்டும் கேட்டார்.

பிளெக்ஸைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டு, கட்சிக்கு யாரோ புரியாமல் வைத்துவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் உண்மையில் ஆம் சொன்னவர்தானே, கட்சிக்குச் சொல்ல அவருக்குப் பொய்யே தேவையில்லை. நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து வேலை தொடங்கிய முதல் நாள், என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பெண்கள் ஏரி வாய்க்காலில் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் மண்வெட்டியையும் கூடையையும் போட்டுவிட்டுக் கரையேறி வந்து கும்பிட்டார்கள். யாரோ ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார்கள். அவர் அதை வாங்கவில்லை.

"நீங்கெல்லாம் என்னைய மன்னிக்கோணும். நான் அன்னிக்குச் சபையிலதான் இருந்தேன். வெளிய வரல. ஆமுன்னுதான் சொன்னேன்" என்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. பொறுப்பாளர் அக்கா என்னைக் கைகாட்டி, "அப்ப இந்த அம்மிணி சொன்னதுங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உங்க காயிதத்தையும் நாந்தான் அனுப்பாம வச்சுட்டேன். இந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல."

அக்கா அவர் பக்கம் திரும்பி, "ஆமுன்னு சத்தமாச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மத்தவங்க சத்தமே போதுமா இருந்துச்சு."

"அப்பச் சும்மாவே இருந்திருக்கலாமுங்களே. உங்க ஒருத்தரு வாய் தெறக்கலீன்னு யாருக்குங்க தெரியப் போவுது?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்காலில் இறங்கி மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்களைப் போகச் சொல்லக்கூட இல்லை. திரும்பும் வழியில், ஏண்ணா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "பொய்யி உன்னுது. ஆமுன்னது என்னுது. நான் அதைச் சொல்லாம இருந்திருந்தா உனக்குப் பொய் சொல்ற வேலையே இல்லையே அம்மிணி" என்றார். அந்தச் சமாதானத்தை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊரைச் சேர்த்துவிட்டார்கள். வேலை நின்றது. கடிதங்கள் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மனசைத் தேற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அடுத்த தொகுதியில் இருந்த பக்கத்து ஊருக்கும் இதே அறிவிப்பு வந்திருந்தது; அவர்கள் அதே ஆறு வாரத்தில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அடுத்த தேர்தலில் அண்ணனுக்குச் சீட்டு இல்லை. பிளெக்ஸைப் பற்றிக் கட்சி கேட்டபோது மறுப்பு எழுதித் தந்திருக்கலாம்; அந்தப் பெண்கள் மேல் பழி போட மாட்டேன் என்று தரவில்லை. அலுவலகத்தைக் காலி செய்தோம். நான் நாமக்கல்லில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு சின்னக் கடை பிடித்து மனு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அந்த ஊரில் அவருக்குப் பொய் எம்.எல்.ஏ. என்று பேர் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருமுறை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "உடு அம்மிணி. நீ மனு எழுதிப் பொழைக்கறவ. உன்ற வாய்ச் சொல்லை நாலு பேரு நம்போணும். எனக்கினி யாரு நம்பி என்ன" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே போய்க் கேட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் அண்ணன் இறந்துபோனார். தொகுதி முழுக்க வந்தது. டிரான்ஸ்பார்மர் வந்த ஊர், பஸ் நிற்க ஆரம்பித்த ஊர், ஆகட்டுங்க என்று சொல்லி ஒன்றுமே நடக்காத ஊர்க்காரர்கள்கூட வேன் பிடித்து வந்தார்கள். அந்த ஓர் ஊரிலிருந்து மட்டும் ஒருத்தர் வரவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஊர்க்காரங்க வந்தாங்களா அம்மிணி?" என்று கேட்டார். வந்துட்டு இருக்காங்க அண்ணி என்று அங்கேயும் ஒரு பொய் சொன்னேன்.

போன வாரம் பொறுப்பாளர் அக்கா என் கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டு வரி ஏறிவிட்டது, தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது, ஊரை மறுபடியும் ஊராட்சியாகவே பிரித்துவிடக் கேட்டு ஒரு மனு அடிக்க வேண்டும் என்றார். அன்று அந்தக் கடிதங்களில் கைநாட்டு வைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லையாம். என் கன்னத்தைத் தடவிய கிழவி, வேலை நின்ற இரண்டாம் வருடம், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் யார் வீட்டிலும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாளாம். "உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. நீங்க அன்னிக்கு நல்லபடியாத்தான் பேசுனீங்க. அந்தாளு உங்களையும் பொய் சொல்ல வச்சுட்டாரு" என்றார்.

டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "அவரு சொல்லச் சொல்லலீங்க்கா. அந்தப் பொய்யி நானாச் சொன்னது. காயிதத்தை உள்ள போட்டு வச்சதும் நாந்தான். அவருக்குத் தெரியவே தெரியாது. பிளெக்ஸ் வச்ச பொறகுதான் தெரியும்" என்றேன். அண்ணன் எனக்காகக் காப்பாற்றிவைத்த பேரைப் பற்றியெல்லாம் அப்போது நினைக்கவில்லை. இதற்குமேல் சுமக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. வெளியே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "என்ற ஊட்டுக்காரரு எறந்தன்னிக்குப் பேய் மழைங்க. ஊருக்குள்ள காரு வாரலீன்னு அந்த மனுசன் முழங்கால் சேத்துல நடந்து வந்தாரு. ஒண்ணும் பேசல. எடுக்கற வரைக்கும் பந்தல்ல உக்காந்திருந்தாரு. எங்கூர்ல ஒரு எழவு உட்டதில்லீங்க அவரு" என்றார். "அவரு எழவுக்கு நாங்க ஒருத்தருகூடப் போகலியே. போகக்கூடாதுன்னு சொல்லித் தடுத்ததே நாந்தானுங்களே."

மனுவை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு, "அவரு ஊடு எந்தப் பக்கமுங்க? நாள் கடந்தாலும் போய்த் துக்கம் கேக்கறது தப்பில்லீங்களே?" என்றார்.

"தப்பில்லீங்க்கா. அண்ணி இருக்காங்க. இருங்க, கடையச் சாத்திட்டு நானும் வாரேன்" என்று சாவியை எடுத்தேன்.

"நீங்க வர வேண்டாமுங்க" என்றார் அக்கா. "வழி மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். எந்த பஸ், எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்து வந்தவர் பட்டா மாறுதலுக்கு ஒரு மனு வேண்டும் என்றார். உட்கார்ந்து அவருக்கு அடித்துக் கொடுத்தேன்.